துவாக்குடியிலிருந்து கீழச்சித்திரை வீதி வரை

மே மாதத்துத் திருச்சி நாற்பது டிகிரியைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். அந்த வெயிலில் பால்பண்ணை, அரியமங்கலம், காட்டூர் என்று தஞ்சாவூர்ச் சாலையில் பேருந்தின் ஜன்னலோரம் உட்கார்ந்து போனால், கணிப்பொறி வன்பொருளைப் பற்றிய முதல் பாடம் உடம்பிலேயே ஏறிவிடும். சில்லுக்கு எதிரி சூடுதான். வேகம், விலை, பிராண்டு எல்லாம் அதற்குப் பிறகு வருகிற பேச்சு.

திருவெறும்பூரில் பெல் தொழிற்சாலை வருகிறது. செக்கோஸ்லோவாக்கியாவின் கூட்டுறவோடு அறுபதுகளில் தொடங்கிய உயர் அழுத்தக் கொதிகலன் ஆலை. இங்கே செய்த கொதிகலன்கள் நாடு முழுவதும் அனல் மின் நிலையங்களில் நிற்கின்றன. நீரைக் கொதிக்க வைத்து, நீராவியால் சுழலியைச் சுற்றி, மின்சாரம் எடுக்கிற வேலை. அதே சாலையில் இன்னும் கொஞ்ச தூரம் போனால் என்.ஐ.டி. 1964-இல் மண்டலப் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கியது. அங்கேதான் 2022 மே 25 அன்று ‘பரம் பொருள்’ என்ற சூப்பர் கணினி திறக்கப்பட்டது. தேசிய மீகணினித் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் வந்தது. வேகம் 838 டெராஃப்ளாப். நொடிக்கு 838 லட்சம் கோடி கணக்குகள். பெரும்பாலான பாகங்கள் இந்தியாவிலேயே தயாராகிப் பொருத்தப்பட்டவை, மென்பொருள் அடுக்கு மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் எழுதியது.

என் நண்பர் அங்கே ஆய்வு மாணவர். இயந்திர அறைக்குள் நான் போகவில்லை, வளாகத்து மரநிழலில் நின்று பேசிக்கொண்டிருந்தோம். அவர் வேகத்தைப் பற்றிப் பேசவே இல்லை. குளிர்விப்பதைப் பற்றித்தான் பேசினார். இந்தக் கணினியில் சில்லின் மேலேயே திரவத்தை ஓடவிட்டுச் சூட்டை வெளியே கொண்டுபோகிறார்கள். அறை முழுவதையும் ஏசி போட்டுக் குளிர்விப்பதைவிட இதற்கு மின்சாரம் குறைவாகப் பிடிக்கும். ஒரே சாலையில் ஓரிடத்தில் நீரைச் சூடாக்கி மின்சாரம் எடுக்கும் கருவி செய்கிறார்கள். இன்னோரிடத்தில் அந்த மின்சாரம் சில்லுக்குள் போய்ச் சூடாக மாற, அதைத் திரவம் சுமந்து வெளியேற்றுகிறது. கணிப்பொறி என்பது கடைசியில் மின்சாரத்தைச் சூடாக மாற்றும் பெட்டி, நடுவில் கொஞ்சம் கணக்குப் போடுகிறது. இதைப் புரிந்துகொண்டவர்கள் மடிக்கணினி வாங்கும்போது வேறு மாதிரி வாங்குவார்கள்.

திருச்சியில், மதுரையில், வேலூரில் இருப்பவர்களுக்கு நான் மெல்லிய மடிக்கணினியைச் சிபாரிசு செய்வதில்லை. விளம்பரத்தில் காட்டும் வேகம் குளிர்ந்த அறையில் முதல் சில நிமிடங்களுக்குக் கிடைப்பது. ஏசி இல்லாத மாடி அறையில் பிற்பகல் மூன்று மணிக்குச் சில்லு சூடேறியதும் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதே சில்லைக் கொஞ்சம் தடித்த உடம்பில், இரண்டு விசிறியோடு, அடியில் காற்றுப் போக வழியோடு வைத்தால் மாலை வரை ஒரே வேகத்தில் ஓடும். எடை கால் கிலோ கூடும், கூடட்டும். பேட்டரியும் அப்படித்தான். லித்தியம் பேட்டரியைக் கெடுப்பவை இரண்டு: சூடு, எந்நேரமும் நூறு சதவீதத்தில் வைத்திருப்பது. சார்ஜை எண்பதோடு நிறுத்தும் வசதி இப்போது பல மடிக்கணினிகளில் இருக்கிறது. வாங்கிய அன்றே அதைப் போட்டுவிடுங்கள்.

நண்பர் புது மடிக்கணினி வாங்கப் போகிறார். ‘ஏஐ பிசி’ வாங்கலாமா என்று கேட்டார். 2024 மே மாதம் மைக்ரோசாஃப்ட் கோபைலட் பிளஸ் என்று ஒரு வரையறை கொண்டுவந்தது: நரம்பியல் வேலைகளுக்கென்று தனிச் சில்லுப் பகுதி, அது நொடிக்கு 40 லட்சம் கோடி கணக்குகளாவது செய்ய வேண்டும், 16 ஜிபி மெமரி, 256 ஜிபி சேமிப்பு. அந்த 40-ஐ பரம் பொருளின் 838-ஓடு வைத்துப் பார்த்து யாரும் மயங்க வேண்டாம். சூப்பர் கணினி கணக்கிடுவது மிக நுட்பமான தசம எண்களை. மடிக்கணினியின் இந்தப் பகுதி கணக்கிடுவது எட்டு பிட் முழு எண்களை. இரண்டும் வேறு வேறு அளவுகோல்.

இன்றைக்கு அந்தத் தனிச் சில்லு செய்து தரும் வேலைகளில் ஒரு தமிழ்ப் பயனருக்கு அவசியமானது எதுவும் இல்லை என்பது என் கருத்து. வீடியோ அழைப்பில் பின்னணியை மங்கலாக்குவதற்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. அந்த வரையறையால் வந்த உண்மையான நன்மை வேறு: எட்டு ஜிபியிலேயே பல வருடம் தேங்கிக் கிடந்த தயாரிப்பாளர்கள் பதினாறுக்கு நகர்ந்தார்கள். அதற்காக வாங்கலாம். இந்தச் சில்லுக்கு நான் கேட்கிற வேலை ஒன்று உண்டு. தமிழில் பேசினால், இணையம் இல்லாமலேயே, பிழையில்லாமல் எழுதித் தர வேண்டும். சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு இந்திய மொழிகளுக்கான பேச்சறி மாதிரிகளை எல்லோரும் எடுத்துப் பயன்படுத்தும்படி வெளியிட்டு வருகிறது. பொருள் கையில் இருக்கிறது. அதைக் கணினிக்குள்ளேயே வைத்து விற்கும் நிறுவனத்துக்கு நானே ஊர் ஊராகப் போய்ச் சிபாரிசு செய்யத் தயார்.

மெமரியைப் பற்றி இன்னொரு வார்த்தை. ஏஐ தரவு மையங்கள் உலகத்து மெமரிச் சில்லுகளை வாரிக்கொண்டு போவதால் சாதாரண மக்களுக்கான மெமரி விலை ஏறிவிட்டது. 2025 டிசம்பரில் மைக்ரான், க்ரூஷியல் என்ற பெயரில் சில்லறை வாடிக்கையாளர்களுக்கு விற்றுவந்ததை நிறுத்தப்போவதாக அறிவித்தது. பழைய கணினிக்கு மலிவாக ஆயுள் நீட்டிக்க நாங்கள் நம்பியிருந்த பெயர் அது. இந்த நிலையில் மெமரியைப் பலகையோடு பற்றவைத்து விற்கும் மடிக்கணினியை வாங்குவது, பின்னால் கூட்ட வழியில்லாமல் நம்மை நாமே கட்டிப்போட்டுக்கொள்வதுதான்.

மதியத்துக்கு மேல் ஊருக்குள் வந்தேன். சத்திரம் பேருந்து நிலையத்தைச் சுற்றிச் செல்போன் கடைகளுக்குக் குறைவில்லை. மலைக்கோட்டை தெரிகிற ஒரு சந்தில் கட்டில் அகலமே இருந்த ஒரு கடையில் என் போனின் சார்ஜிங் ஜாக்கைக் காட்டப் போனேன். கடைக்காரத் தம்பிக்கு இருபத்தைந்து வயதிருக்கும். மைக்ராஸ்கோப், ஹாட் ஏர் கருவி, சூடேற்றும் தட்டு, சின்னச் சின்ன டப்பாக்களில் மாடல் வாரியாகத் திருகாணிகள். முன்னால் உப்பிய பேட்டரியோடு ஒரு போன்.

“பேட்டரி மாத்தறது ஒரு வேலையே இல்லண்ணே. ரெண்டு நிமிஷம். ஆனா பின்பக்கக் கண்ணாடியைப் பசை போட்டு ஒட்டியிருக்கான். அது உடையாம எடுக்கறதுக்குத்தான் முக்கால் மணி நேரம். காசும் அதுக்குத்தான்.”

“பழைய போன்ல இப்படி இல்லையே?”

“நகத்தால நெம்புனா மூடி வந்துரும்ல? அந்தக் காலத்துல எங்க மாமா கடை. பேட்டரி வாங்க வர்றவங்க கடை வாசல்லயே மாட்டிக்கிட்டுப் போயிருவாங்க.”

தண்ணீர் புகாமல் இருக்கப் பசை வேண்டும் என்று நிறுவனங்கள் சொல்கின்றன. தண்ணீர் புகாத கைக்கடிகாரத்தைத் திருகாணியும் ரப்பர் வளையமும் வைத்தே நெடுங்காலமாகச் செய்து வருகிறார்கள். போனிலும் செய்யலாம், செய்ய மனமில்லை. ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் போட்டுவிட்டது: 2027 பிப்ரவரி முதல் அங்கே விற்கும் கருவிகளின் பேட்டரியைப் பயனரே கழற்றி மாட்டும்படி இருக்க வேண்டும் என்பது பொது விதி. ஒரே வகைச் சார்ஜர் என்ற விதி 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தபோது அதன் பலன் நம் ஊர் வரை வந்தது. இந்திய அரசும் 2022 டிசம்பரில் பழுதுநீக்கும் உரிமைக்கென்று ஒரு தளம் தொடங்கியது. தளம் போதாது, சட்டம் வேண்டும். உதிரிப் பாகத்தையும் சர்க்யூட் வரைபடத்தையும் இந்தத் தம்பிக்கு நியாய விலைக்குக் கொடு என்று சொல்கிற சட்டம்.

என் போன் வேலை முடிவதற்குள் ஓர் அம்மா மடிக்கணினி ஒன்றை மஞ்சள் பையிலிருந்து எடுத்தார். மூடியில் தமிழக அரசின் கோபுரச் சின்னம். மூத்த மகனுக்குப் பள்ளியில் கிடைத்ததாம், அவர் இப்போது வெளிநாட்டில். சின்னவளுக்குப் படிக்க வேண்டும், ஓடுமா என்று கேட்டார். தம்பி பின்பக்கத் திருகாணிகளைக் கழற்றினார். எல்லாம் சாதாரணத் திருகாணி. பேட்டரி தனியாகக் கழன்று வந்தது. மெமரிக்குச் செருகும் இடம் இருந்தது. பழைய ஹார்ட் டிஸ்க் இரண்டரை அங்குலத்தில், எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடலாம். “ஓடும்மா. ரெண்டு நாள் கழிச்சு வாங்க” என்றார்.

2011 சட்டமன்றத் தேர்தலில் ஸ்ரீரங்கம் தொகுதியில் நின்று வென்று முதலமைச்சரானவர் ஜெயலலிதா. அந்த ஆண்டு செப்டம்பர் 15 அன்று விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. தொடக்கத்தில் கொடுத்தவற்றில் விண்டோஸோடு சி-டாக்கின் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தது. அரசியலை விட்டுவிட்டு வன்பொருள் கண்ணோடு மட்டும் பார்க்கிறேன். தமிழ்நாட்டில் கணிப்பொறியை முதன்முதலாகத் தொட்ட லட்சக்கணக்கான வீடுகளுக்கு அந்தப் பெட்டிதான் முதல் பெட்டி. வேகம் குறைச்சல், திரை மங்கல். ஆனால் கழற்றி மாட்ட முடிந்தது. அதனால்தான் இத்தனை வருடம் கழித்து அந்த அம்மாவின் சின்ன மகளுக்கு அது ஆகிறது. 2025 பட்ஜெட்டில் தமிழக அரசு இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினியோ டேப்லெட்டோ தருவதாக அறிவித்தது. இவ்வளவு பெரிய கொள்முதல் செய்யும் அரசு, மெமரி செருகக்கூடியதாக இருக்க வேண்டும், பேட்டரி திருகாணியால் பொருத்தப்பட வேண்டும் என்று டெண்டரில் எழுதினால் எந்த நிறுவனமும் மறுக்காது. அந்த பலத்தை அரசுகள் பயன்படுத்த வேண்டும். இந்த ஊருக்கே மின்னணு உற்பத்தி வரப்போகிறது: 2024 செப்டம்பரில் ஜேபில் நிறுவனம் திருச்சியில் 2,000 கோடி ரூபாய் முதலீட்டில் ஆலை அமைக்கத் தமிழக அரசோடு ஒப்பந்தம் செய்தது. செய்கிற ஊரிலேயே பழுது பார்க்கவும் தெரிந்த கைகள் வேண்டும். சந்துக் கடைகளில் அந்தக் கைகள் இருக்கின்றன.

சத்திரத்திலிருந்து நடக்கிற தூரத்தில்தான் தூய வளனார் கல்லூரி. 1844-இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883-இல் திருச்சிக்கு வந்தது. ஐம்பதுகளின் தொடக்கத்தில் இங்கே இயற்பியல் படித்தவர்களில் ஒருவர் ராமேசுவரத்து அப்துல் கலாம். அதே காலத்தில் படித்த இன்னொருவர் ஸ்ரீரங்கத்து ரங்கராஜன். இருவரும் அடுத்துச் சென்னைக் குரோம்பேட்டை எம்.ஐ.டி.க்குப் போனார்கள், ஒருவர் விமானம், ஒருவர் மின்னணுவியல். ரங்கராஜனைத் தமிழ்நாடு எழுத்தாளர் சுஜாதா என்று அறியும்.

நான் இந்த ஊருக்கு வந்ததே அவருக்காகத்தான். என் தலைமுறையில் கணிப்பொறி மேல் ஆசை வந்த பலருக்கு அந்த ஆசையை ஊட்டியவர் அவர். சிலிக்கன் சில்லு என்றால் என்ன, பிட் என்றால் என்ன, நினைவகம் எப்படி நினைவு வைத்துக்கொள்கிறது என்று வாரப் பத்திரிகையில், தொடர்கதைக்கும் ஜோக்குக்கும் நடுவில், தமிழில் சொல்லிக்கொடுத்தார். ஜூனியர் விகடனின் ‘ஏன் எதற்கு எப்படி’ பகுதிக்காகக் காத்திருந்தவர்களில் எத்தனை பேர் பிறகு சாலிடரிங் அயர்ன் பிடித்தார்கள் என்று எண்ணிப் பார்க்க ஆசை.

ஒன்றாம் எண் டவுன் பஸ் காவிரியைத் தாண்டியது. திருவானைக்காவல் வந்தது. சர் சி.வி. ராமன் 1888-இல் பிறந்த ஊர். எளிய கருவிகளைக் கொண்டு 1928-இல் அவர் கண்டது நோபல் பரிசு வரை போனது. இறங்கவில்லை, மாலையாகிக்கொண்டிருந்தது.

ஸ்ரீரங்கத்தில் 1987-இல் முழுமை பெற்ற 236 அடி ராஜகோபுரத்தைக் கடந்து உள்ளே போகப்போகத் தெருக்கள் மதிலுக்குள் மதிலாக விரிகின்றன. கீழச்சித்திரை வீதியில் தேர்முட்டிப் பக்கம் நின்றேன். பாட்டியின் வளர்ப்பில் சுஜாதா வளர்ந்த தெரு, அவருடைய ஸ்ரீரங்கத்துக் கதைகள் நடக்கும் தெரு. ‘என் இனிய இயந்திரா’வில் அவர் படைத்த ஜீனோ என்ற இயந்திர நாய் எண்பதுகளிலேயே தமிழ் வாசகர் வீட்டுக்குள் வந்துவிட்டது. சோனியின் ஐபோ நாய் கடைக்கு வந்தது 1999-இல்தான். அந்த ஐபோக்களுக்குப் பழுது பார்ப்பதைச் சோனி 2014-இல் நிறுத்தியது. அதன் பிறகு ஜப்பானின் இசுமி ஊரில் ஒரு புத்தர் கோயிலில், ஓடாமல் போன ஐபோக்களுக்கு இறுதிச் சடங்கு நடத்தினார்கள். சடங்கு முடிந்ததும் அவற்றின் பாகங்களை எடுத்து, உயிரோடிருக்கும் மற்ற ஐபோக்களுக்குப் பொருத்தினார்கள். தயாரித்தவர்கள் கைவிட்டதைப் பழைய பொறியாளர்கள் காப்பாற்றினார்கள்.

ஆனால் சுஜாதாவின் கையில் உருவான உண்மையான கருவி ஜீனோ இல்லை. பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் ஆய்வுப் பிரிவின் பொறுப்பில் இருந்தபோது அவர் மேற்பார்வையிட்ட மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம். அதே காலத்தில் ஹைதராபாத்தின் ஈசிஐஎல்லும் அதில் ஈடுபட்டது. இரண்டுமே பொதுத்துறை. வெளிவடிவத்தில் மும்பை ஐஐடியின் தொழில்துறை வடிவமைப்பு மையத்துக்குப் பங்கு உண்டு. 1982-இல் கேரளத்தின் பரவூர் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில் முதலில் வைத்தார்கள். சட்டத்தில் இடமில்லை என்று 1984-இல் உச்ச நீதிமன்றம் அந்த வாக்குப்பதிவைச் செல்லாததாக்கியது. 1988-இல் சட்டம் திருத்தப்பட்டது. 2001-இல் தமிழகச் சட்டமன்றத் தேர்தல் முழுக்க இயந்திரத்தில். 2004-இல் 543 மக்களவைத் தொகுதிகளிலும்.

இனி வன்பொருள் ரசிகனாக அதைப் பார்க்கிறேன். இரண்டு பெட்டி. ஒன்று அதிகாரியின் மேசையில், ஒன்று தடுப்புக்குப் பின்னால். நடுவே ஐந்து மீட்டர் கேபிள். பெயர், சின்னம், நீலப் பொத்தான், சிவப்பு விளக்கு. ஒரு பெட்டிக்குப் பதினாறு பெயர். அதிகாரி தன் பெட்டியில் பொத்தானை அழுத்தாதவரை வாக்காளர் எத்தனை முறை அழுத்தினாலும் பதிவாகாது. ஒருமுறை அழுத்தியதும் ‘பீப்’, அடுத்தவர் வரும்வரை பூட்டு. நிமிடத்துக்கு ஐந்து வாக்குக்கு மேல் ஏறாதபடி வைத்தார்கள். சாவடியைக் கைப்பற்றிச் சீட்டுகளை அள்ளித் திணிக்கும் கும்பலின் வேகத்தை அந்த ஒரு எண் கட்டுப்படுத்தியது. ஆறு வோல்ட் பேட்டரியில் ஓடியதால் மின்சாரம் எட்டாத ஊரிலும் வேலை செய்தது. இணையம் இல்லை, வைஃபை இல்லை, ப்ளூடூத் இல்லை. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. சில்லுக்குள் இருக்கும் நிரலை வாக்காளர் எப்படி நம்புவது என்ற கேள்வி வந்தது, நியாயமான கேள்வி. 2013-இல் உச்ச நீதிமன்றம் தாள் சான்று வேண்டும் என்றது. இப்போது வாக்களித்த சின்னம் அச்சாகி ஏழு நொடி கண்ணாடிக்குப் பின்னால் தெரிகிறது. அது வந்தது நல்லது. மக்கள் சோதித்துப் பார்க்கக்கூடிய இயந்திரமே பொது இயந்திரம்.

இதற்குப் பக்கத்தில் 2024-இல் வந்த ஹ்யூமேன் ஏஐ பின்னை வையுங்கள். சட்டையில் குத்திக்கொள்ளும் கருவி, விலை 699 டாலர், மாதச் சந்தா வேறு. போன் இனி வேண்டாம் என்றார்கள். 2025 பிப்ரவரியில் நிறுவனத்தின் பெரும்பகுதியை எச்பி வாங்கியது. அந்த மாதம் 28-ஆம் தேதி சர்வரை நிறுத்தினார்கள். முழு விலை கொடுத்து வாங்கிய கருவிகள் அன்றோடு வெறும் உலோகத் துண்டாயின. 2025 மே மாதம் இந்தியாவுக்கு வந்த ரே-பான் மெட்டா கண்ணாடியில், பார்வையற்றவருக்கு எதிரில் இருப்பதைச் சொல்லும் வேலையை மனமார வரவேற்கிறேன். அந்த வேலையும் தூரத்து சர்வரை நம்பியிருக்கிறவரை, முப்பதாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தேர்முட்டிக்கு எதிர்த் திண்ணையில் ஒரு பெரியவர் போனைக் கண்ணுக்கு அருகில் பிடித்துக்கொண்டு பிரபந்தம் படித்துக்கொண்டிருந்தார். நான் சும்மா நிற்பதைப் பார்த்துக் கூப்பிட்டார்.

“ஏம்ப்பா, இதுல எழுத்தைப் பெரிசு பண்ற பொத்தான் இங்கதான் இருந்தது. நேத்திக்கு என்னமோ அப்டேட்டுன்னு வந்தது, இப்போ காணலை. உனக்குத் தெரியுமோ?”

மூன்று திரைகளுக்கு உள்ளே போய்த் தேடி எடுத்து, எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தேன். “நாளைக்கும் இங்கயே இருக்குமோன்னோ?” என்று கேட்டார். இருக்கும் மாமா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எண்பது வயதுக்காரர் கையில் பழகிய ஒரு பொத்தானை இடம் மாற்ற யாருக்கும் உரிமையில்லை என்பது என் உறுதியான கட்சி. வாக்கு இயந்திரத்தின் பொத்தான் இத்தனை தேர்தலாக அதே இடத்தில் இருக்கிறது.

உங்கள் வீட்டுப் பரணிலோ பீரோவிலோ கோபுரச் சின்னம் போட்ட மடிக்கணினி ஒன்று தூங்கிக்கொண்டிருக்கலாம். 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கு ஆதரவு நின்றுபோனதால் ஒதுக்கி வைத்த வேறு கணினியும் இருக்கலாம். எடைக்குப் போடாதீர்கள். தெருமுனைக் கடைக்குக் கொண்டுபோய் ஒரு எஸ்எஸ்டியும், கிடைத்தால் 4 ஜிபி மெமரியும் போட்டு, லினக்ஸ் மின்ட் ஏற்றச் சொல்லுங்கள். சில ஆயிரம் ரூபாயில் முடியும். பக்கத்து வீட்டில் பத்தாவது படிக்கிற பிள்ளைக்கு இந்த விடுமுறைக்குள் கொடுத்துவிடுங்கள்.